குடுமியான்மலையும் நீரின் கணக்கும்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்த குடுமியான்மலையை இசை ஆய்வாளர்கள் நன்கு அறிவர். மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டு, 1904-இல் கண்டறியப்பட்ட நாள்முதல் அறிஞரை ஈர்த்து வருகிறது. அக்குன்றிலும் அதன் அடிவாரத்துச் சிகாநாதசுவாமி கோயிலிலும் நூற்றுக்கு மேற்பட்ட வேறு கல்வெட்டுகளும் உள்ளன. இசையைத் தேடி வருவோர் பெரும்பாலும் அவற்றைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால் உழுது வாழ்ந்த மக்களின் வரலாற்றைத் தேடுவோர் நின்று படிக்க வேண்டியவை அவையே. இப்பகுதிக் கல்வெட்டுகள் நில விற்பனையையும் கொடையையும் பதிவு செய்யும்போது நான்கெல்லை குறிப்பது வழக்கம். அந்த எல்லைகளில் குளமும் கரையும் வாய்க்காலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நீரைச் சொல்லாமல் இங்கே நிலத்தைச் சொல்ல முடியவில்லை.

பாறை நாட்டின் இயல்பு

அதற்குக் காரணம் மண்ணில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் படிவப் பாறைகள் நீரைத் தம்முள் தேக்கி வைக்கின்றன. மேற்கே, குடுமியான்மலை, இலுப்பூர், விராலிமலைப் பக்கம் கடினப் பாறையே அடித்தளம். அது பெருமளவு நீரைச் சேமித்து வைப்பதில்லை. ஆண்டு மழை சற்றேறக்குறைய 900 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இவ்வட்டாரத்தின் முதன்மையான ஆறாகிய தெற்கு வெள்ளாறு, சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக மரபில் சொல்லப்படுவது. மழைக்காலத்தில் மட்டுமே அது ஆறாக ஓடும். மற்ற நாட்களில் மணற்பரப்பாகக் கிடக்கும்.

ஆற்றை நம்ப இயலாத மக்கள் மழையை நம்பினர். மழை நிற்குமிடமெல்லாம் கரை எழுப்பினர். இம்மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உள்ளன. அவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேற்குளம் நிரம்பிக் கலிங்கு வழியே வழிந்த நீர் வாரியில் ஓடி அடுத்த குளத்தை நிரப்பும். அது வழிந்தால் அடுத்தது. எஞ்சியது வெள்ளாற்றைச் சேரும். இன்றைய அறிவியல் ‘ஆற்றுப் படுகை’ என்று கூறும் கருத்தை இந்தச் சங்கிலித்தொடர் ஏட்டில் எழுதாமல் மண்ணில் எழுதிக் காட்டியது.

தூம்பும் வாரியமும்

இக்குளங்கள் சிலவற்றுள் இன்றும் இரு கற்றூண்கள் நிற்பதைக் காணலாம். குமிழித் தூம்பு என்று அதற்குப் பெயர். தூண்களுக்கு இடையே கல்லில் ஒரு துளை. அதை அடைக்க நீண்ட கழியில் பொருத்திய ஒரு தக்கை. தக்கையைத் தூக்கினால் நீர் உள்ளிறங்கி, கரைக்கு அடியில் செல்லும் கல் மதகு வழியே வயலுக்குப் போகும். நீரோடித் துளையும் அதற்குக் கீழே சேறோடித் துளையும் அமைத்து, நீரோடு வண்டலையும் வெளியேற்றும் நுட்பம் அதில் உண்டு.

கல்லைக் காட்டிலும் வியப்புக்குரியது அதைக் காத்த ஏற்பாடு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குளத்து மீன்களின் குத்தகை வருவாயைத் தூர் வாரச் செலவிடுவதும், பராமரிப்புக்கென்றே நிலம் ஒதுக்குவதும் தமிழகக் கல்வெட்டுகள் தரும் செய்திகள். நீரைப் பெற்றவனுக்குக் கடமையும் இருந்தது.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றிவிடலாகாது. கல்லில் பெயர் பெற்றவர்கள் கொடுத்தவர்கள், வெட்டியவர்கள் அல்லர். கொட்டும் மழையில் பெருகிய நீருக்குள் நீந்திச் சென்று தூம்பைத் திறந்த மடைக்காரருக்கும், கரையில் மண் சுமந்த பெண்களுக்கும் கல்வெட்டு இல்லை. சென்னை மாகாணத்தில் 1858-இல் வந்த சட்டமோ, மராமத்து உழைப்பைக் கட்டாயமாக்கவே முனைந்தது. உழைத்தவர் ஒருவராகவும் நீரின் பெரும்பங்கை நுகர்ந்தவர் வேறொருவராகவும் இருந்த அநீதியையும் வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

அளத்தலும் காத்தலும்

மழைதான் ஆற்றை உண்டாக்குகிறதா என்ற ஐயம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. கடல்நீர் பூமிக்கடியில் ஏறி ஊற்றாகிறது என்று பலர் நம்பினர். 1674-இல் பியேர் பெரோ என்னும் பிரெஞ்சுக்காரர், செய்ன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மழையையும் அங்கே ஓடிய நீரையும் கணக்கிட்டு ஒப்பிட்டார். மழை, ஆற்றுநீரைப்போல் ஆறு மடங்கு இருந்தது. ஆற்றுக்கு மழையே போதும் என்று எண்ணால் மெய்ப்பித்த அக்கணக்கிலிருந்தே நீரியல் என்னும் அறிவியல் வளர்ந்தது. இன்று தமிழகத்தை 17 படுகைத் தொகுதிகளாகப் பகுத்து ஆராய்கின்றனர். தெற்கு வெள்ளாறு அவற்றுள் அக்னியாற்றுத் தொகுதியில் அடங்கும்.

அளவை வளர்ந்தது, ஆனால் அளக்கப்படும் பொருள் துண்டுபட்டது. தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974-இல் தனி மாவட்டம் பிறந்தது. நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளம் பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்ற பாகுபாடு நடைமுறையாயிற்று. பொதுப்பணித் துறையின் பங்கு 2021-இல் நீர்வளத் துறையிடம் சென்றது. ஒரே சங்கிலியில் மேற்குளம் ஓர் அலுவலகத்திலும் கீழ்க்குளம் மற்றோர் அலுவலகத்திலும், இரண்டையும் இணைக்கும் வாரிப் புறம்போக்கு வருவாய்த் துறையிலும், மழை இறங்கி வரும் காடு வனத்துறையிலும் கிடக்கும் நிலை! தைலமரத் தோட்டங்களில் எழுப்பிய வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடுவதில்லை என்று இம்மாவட்ட உழவர் பல்லாண்டுகளாக முறையிட்டு வருவது இந்தப் பிரிவினையின் விளைவன்றோ?

வரவிருக்கும் கால்வாய்

காவிரியின் வெள்ளநீரைக் கட்டளைக் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை வழியாகக் குண்டாறு வரை கொண்டுசெல்லும் 262 கிலோமீட்டர்க் கால்வாய்க்கு, 2021 பிப்ரவரி 21-இல் விராலிமலை வட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வெள்ளாறு வரையிலான முதற்கட்டம் மட்டும் ஏறத்தாழ 118 கிலோமீட்டர். வறண்ட இம்மண்ணுக்கு அது பெரும் நம்பிக்கை. அதை ஐயுறுவது நம் நோக்கமன்று.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பெருங்கால்வாயில் வரும் நீரும் இறுதியில் குளத்தில்தான் தங்க வேண்டும். வாரியில்தான் நடக்க வேண்டும். கரை உடைந்து, கலிங்கு சிதைந்து, வாரி வயலாகவும் மனையாகவும் மாறிவிட்ட ஊரைக் காவிரி வந்தாலும் கடந்தே போகும். 2017-இல் குடிமராமத்து மீண்டும் அரசுத் திட்டமாக வந்தபோது ஆயக்கட்டுதாரரைப் பணியில் சேர்த்தது நல்ல தொடக்கம். எனினும், ஒரு கண்மாயைத் தனியே தூர் வாரி அதன் மேலுள்ள வாரியை விட்டுவிட்டால், ஆழமான வறண்ட குளமே நமக்கு மிஞ்சும்.

ஆகவே ஆய்வாளரின் கணக்கும் ஊராரின் கடமையும் மீண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டும். படுகை முழுவதற்குமான வரைபடம் ஒவ்வொரு ஊராட்சியின் சுவரிலும் தொங்கட்டும். தன் ஊருக்கு மேலே யார், கீழே யார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறியட்டும். நிலமற்றவரும் பெண்களும் இடம்பெறும் வாரியங்கள் அமையட்டும். பழைய கற்கள் விட்டுவிட்ட பெயர்கள் அப்போதேனும் எழுதப்படும். மேற்குளத்தார் தம் கலிங்கைச் செம்மையாக வைத்திருப்பது கீழ்க்குளத்தாருக்குச் செய்யும் உதவியன்று, அவர்களுக்குரிய பங்கு. அதை உணர்ந்த ஊர்களிலேயே அடுத்த ஐப்பசி மழை தங்கும்.