கேமரன் மலையில் குளிர் குறைந்துவிட்டதா? பதிவேட்டிடம் கேட்போம்

பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறீர்கள். தானா ராத்தாவில் காரை விட்டு இறங்கியதும் "ஜில்லுனு இருக்கே!" என்கிறீர்கள். பின்னால் இறங்கும் தாத்தா உதட்டைப் பிதுக்குகிறார். "இதெல்லாம் ஒரு குளிரா? எங்க காலத்துல வந்து பாத்திருக்கணும். ரெண்டு கம்பளி போத்தினாலும் பத்தாது."

யார் சொல்வது சரி?

இருவருமே உடம்பில் பட்டதைச் சொல்கிறீர்கள். ஆனால் உடம்புக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மோசம். அதனால்தான் வானிலைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. அதைச் சரியாக வாசிக்கத் தெரிந்தால், தாத்தாவின் கேள்விக்கு மட்டுமல்ல, உங்கள் தட்டில் இருக்கும் கோபிஸ் எங்கிருந்து வருகிறது, அது நாளைக்கும் வருமா என்ற கேள்விக்கும் பதில் தேடலாம்.

நாட்டின் மிகக் குளிரான இரவு எது?

மலேசியாவின் வானிலை நிலையங்களில் முறைப்படி பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். இடம் கேமரன் மலை. நாள் 1978 பிப்ரவரி 1.

இன்னொரு முனையில் இருப்பது பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங். அங்கே 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. கடுமையான எல் நினோ நிலவிய காலம் அது.

இரண்டுக்கும் இடையே 32.3 டிகிரி வித்தியாசம். "நம்ம நாட்டுல எப்பவும் ஒரே வெயில்தான்" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு எண்களையும் எடுத்துக் காட்டுங்கள்.

"கினபாலு மலை உச்சியில் பனிக்கட்டியே உறையுமாமே, அது இன்னும் குளிர்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 4,095 மீட்டர் உயரத்தில் சில நேரங்களில் தண்ணீர் உறைவது உண்மைதான். ஆனால் பட்டியலில் இடம்பிடிப்பது, நிலையம் அமைத்து நாள் தவறாமல் அளந்து குறித்த எண். பதிவேட்டின் முதல் பாடம் இது: கருவி இருந்த இடத்தில்தான் பதிவு இருக்கும்.

அந்த ஊர் ஏன் குளிர்கிறது?

கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. அதன் நிர்வாக மையமான தானா ராத்தா, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூர். குளிருக்கு முதல் காரணம் இந்த உயரம்தான்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கணக்கு.

நீங்களே போட்டுப் பாருங்கள். கீழே சமவெளியில் இரவு பகல் சேர்த்த சராசரி ஏறக்குறைய 27 டிகிரி. 1.44 கிலோமீட்டர் ஏறினால் 1.44 x 6.5 = 9.4 டிகிரி குறைய வேண்டும். மிச்சம் 17.6. கேமரன் மலையின் ஆண்டுச் சராசரி சுமார் 18 டிகிரி. கணக்கு கிட்டத்தட்ட பொருந்திவிட்டது, பார்த்தீர்களா?

பகலில் 22 டிகிரியை ஒட்டியும், இரவில் 15 டிகிரியை ஒட்டியும் இருப்பதுதான் அங்கே வழக்கம். அப்படியென்றால் 7.8 எங்கிருந்து வந்தது?

மேகமில்லாத இரவின் வேலை

பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவில் வானத்துக்குத் திருப்பி அனுப்பும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேகமும் இல்லை, காற்றும் அசையவில்லை, ஈரப்பதமும் குறைவு என்றால் போர்வை விலகிவிட்டது என்று அர்த்தம். தரை வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது; அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும்.

கேமரன் மலையில் ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்புநோக்க மழை குறைந்த மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று ஓயத் தொடங்கும் அந்த நேரத்தில் தெளிந்த இரவுகளுக்கு வாய்ப்பு அதிகம். அதனால் மிகக் குளிரான இரவு பிப்ரவரியில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பெரும்பாலும் அதிகாலையில், சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வெப்பநிலை அடிமட்டத்தைத் தொடும். இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் போன உங்களுக்கு அது தெரியாது.

எண்ணை யார், எப்படி எடுக்கிறார்கள்?

வானிலை நிலையத்தில் வெள்ளை அடித்த ஒரு மரப்பெட்டி நிற்கும். பக்கமெல்லாம் சாய்வான இடுக்குகள். காற்று புகும், வெயில் நேரடியாகப் படாது. ஸ்டீவன்சன் பெட்டி என்பது அதன் பெயர். உள்ளே இருக்கும் வெப்பமானி, புல்தரைக்கு மேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது தானியங்கிக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் நிழல், காற்றோட்டம், உயரம் என்ற விதிகள் மாறவில்லை.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? இன்று எடுத்த எண்ணையும் 1978இல் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமே! இரண்டும் ஒரே முறையில் எடுக்கப்பட்டால்தான் ஒப்பிட முடியும்.

உங்கள் கார் காட்டும் எண் அப்படி இல்லை. தார்ச்சாலையின் சூடும் எஞ்சின் சூடும் அதில் கலந்திருக்கும். போனில் இருக்கும் செயலியும் பெரும்பாலும் கணினி மாதிரி கணித்துச் சொல்லும் எண்ணையே காட்டுகிறது. ஒரு பள்ளத்தாக்குக்கும் பக்கத்து முகட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குப் பிடிபடாமல் போகலாம். "என் போன்ல 12 டிகிரி காட்டுச்சு" என்பது நல்ல ஸ்டோரி. பதிவு ஆகாது.

சாதனை வேறு, சராசரி வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

7.8 என்பது ஒரே ஓர் இரவின் எண். பல சூழ்நிலைகள் ஒன்றாகக் கூடி வந்த இரவு அது. "அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை, அதனால் பூமி சூடாகிவிட்டது" என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. "போன மாசம் நல்லா குளிருச்சு, அதனால் சூடாகவில்லை" என்றும் சொல்ல முடியாது.

உங்கள் வகுப்பில் ஒரு மாணவர் ஒருமுறை நூற்றுக்கு நூறு வாங்கினார். அது சாதனை. வகுப்பு முன்னேறுகிறதா என்று பார்க்க எல்லோருடைய மதிப்பெண்ணையும், பல தேர்வுகளையும் பார்க்க வேண்டும். பருவநிலையும் அப்படித்தான். ஓர் ஊரின் வழக்கமான நிலையைச் சொல்ல, உலக அளவில் 30 ஆண்டுகளின் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள். தற்போது நடைமுறையில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான காலம்.

ஆக, தாத்தா கேட்க வேண்டியது "7.8 எப்போது உடையும்?" என்பதல்ல. "என் இளமைக் காலத்தில் இரவின் சராசரிக் குறைந்தபட்சம் எவ்வளவு, இப்போது எவ்வளவு?" என்பதே சரியான கேள்வி. குறைந்தபட்சத்தைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலைவிட இரவுகளே வேகமாகச் சூடாகின. அந்த மாற்றம் உச்சி வெயிலில் அல்ல, விடியற்காலையில்தான் முதலில் தெரியும்.

1 டிகிரி என்றால் எத்தனை மீட்டர்?

2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் மேற்பரப்பு, 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி அதிகச் சூடாக இருந்தது. "ஒரே ஒரு டிகிரிதானே" என்று தோன்றும். மலையூரில் இருந்து அதைப் பாருங்கள்.

1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்றால், 1 டிகிரிக்குச் சுமார் 150 மீட்டர். அதாவது தானா ராத்தா 1 டிகிரி சூடானால், ஊரையே பெயர்த்து 150 மீட்டர் கீழே இறக்கி வைத்தது போல. 2 டிகிரி என்றால் 300 மீட்டர்.

சுற்றுலா வந்தவர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். கோபிஸ், சாலாட், தக்காளி, ஸ்ட்ராபெரி பயிரிடுகிறவர் அப்படிப் போக முடியாது. இவை குளிர்ந்த இரவை நம்பி வளர்பவை. குளிரைத் தேடி இன்னும் மேலே போகலாமே என்றால், மேலே இருப்பது காடும் செங்குத்துச் சரிவும். சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிக் காடு மேகத்தின் ஈரத்தைக் குடித்து வாழ்கிறது. அதற்கு ஏறிப்போக அதற்கு மேல் மலையே இல்லை.

தேயிலையும் இந்தக் குளிரையும் ஈரத்தையும் நம்பித்தான் இங்கே வந்தது. போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் பல. உங்களில் சிலருக்கு அது பாட்டியின் கதையாகவே இருக்கும். அவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு வேலைக்குப் போன அதிகாலைகளும் பதிவேட்டில் எண்ணாக இருக்கின்றன.

குளிரைவிட மழையைக் கவனியுங்கள்

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே ஒரு முறை. அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை என மழை இரண்டு தடவை உச்சம் தொடும். நாட்டின் சாதனை இதுவல்ல. 2006இல் சபாவின் சண்டாக்கானில் ஒரே ஆண்டில் 5,687 மில்லிமீட்டர் பதிவானது. ஆனால் சரிவான நிலத்தில் விழும் மழைக்குக் கணக்கே வேறு.

1 மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரே மாலையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால், ஒரு ஏக்கரில் மட்டும் 2 லட்சம் லிட்டர்! காடாக இருந்தால் இலையும் வேரும் மண்ணும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரை எதையும் வாங்காது. வந்த தண்ணீர் அப்படியே ஓடும். வெறும் மண்ணாகக் கிடக்கும் சரிவிலிருந்து சேற்றையும் அள்ளிக்கொண்டு ஆற்றுக்கும் அணைக்கும் போகும்.

2013 அக்டோபர் 23ஆம் தேதி என்ன நடந்தது என்று உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். கனமழையில் ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. வீடுகள் சேதமடைந்தன; உயிர்களும் போயின. அது அக்டோபர் மாதம், மழையின் இரண்டாவது உச்சக் காலம்.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் கனமழை இன்னும் கனமாகும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. குளிர் குறைவதும் மழை வலுப்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல.

அடுத்த முறை செய்தியில் "சாதனை" என்று வந்தால்

இந்த நான்கையும் கேளுங்கள்:

- எந்த நிலையத்தில் அளந்தார்கள்? ஊருக்குள்ளா, மலை உச்சியிலா?
- அது அன்றைய குறைந்தபட்சமா, அதிகபட்சமா, சராசரியா?
- எத்தனை ஆண்டுப் பதிவில் அது சாதனை? 10 ஆண்டா, 50 ஆண்டா?
- அந்த மாதத்தின் 30 ஆண்டுச் சராசரி எவ்வளவு?

நான்குக்கும் பதில் இருந்தால் நம்பிப் பகிரலாம். இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

தாத்தாவிடமும் இதே மாதிரிக் கேட்டுப் பாருங்கள். "எந்த வருஷம் தாத்தா? எந்த மாசம்? ராத்திரியா, விடியக்காலையா? எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" முதலில் முறைப்பார். அப்புறம் யோசிப்பார். பிப்ரவரி, விடியக்காலை, வேலைக்குப் போகும் நேரம் என்று அவர் சொல்லத் தொடங்கினால், பெருமைக்குப் பேசவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் காரை விட்டு இறங்கியது மத்தியானம். இரண்டு பேரும் ஒரே ஊரின் வேறு வேறு நேரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நாளைக்கு விடியற்காலை அவரையும் எழுப்பி, இருவருமாக வெளியே வந்து நில்லுங்கள். அப்போது பேசலாம், குளிர் இருக்கிறதா இல்லையா என்று.