அணியின் உடைமையாளர்: விஜயநகரம் மகாராஜகுமாரர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்க் கரையோரத்துக் கரைவலைத் தொழிலை அறிந்தோர் சம்மாட்டிக்கும் மண்டாடிக்கும் இடையிலான வேறுபாட்டையும் அறிவர். வலையும் தோணியும் சம்மாட்டியின் உடைமைகள். தொழிலாளருக்கு முற்பணம் கொடுப்பவரும், வீட்டில் நன்மை தீமை வந்தவிடத்துக் கைகொடுப்பவரும் அவரே. ஆயின் மீன்பாட்டைக் கண்டு, எவ்வேளை வலை வளைக்கவேண்டும் என்று கூறும் உரிமை மண்டாடிக்கு உரியது. இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு போன்ற ஊர்களில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் எழும்போதும் இவ்வுறவின் சாயல் தென்படும். பந்தும் சீருடையும் வாங்கிக் கொடுப்பவர் ஒருவர். களத்திலே ஆட்டத்தை நடத்துபவர் இன்னொருவர். முன்னவர் பின்னவரின் இடத்தையும் விரும்புவாராயின் நிகழ்வது யாது? இந்தியக் கிரிக்கெற் வரலாற்றில் இவ்வினாவுக்கு மிகப் பெரிய அளவில் விடை தந்தவர் ஒருவர் உளர். அவரே ‘விஸ்ஸி’ என அழைக்கப்பட்ட விஜயநகரம் மகாராஜகுமாரர், விஜய ஆனந்த கஜபதி ராஜு.

ஈண்டு விஜயநகரம் என்பது துங்கபத்திரைக் கரையில் எழுந்த பேரரசன்று. அது ஆந்திரத்தின் வடகரையில், பிரித்தானியர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்த பெரியதொரு ஜமீன். அதன் அதிபரின் இரண்டாம் மகனாக 1905 டிசெம்பர் 28இல் விஸ்ஸி பிறந்தார். அஜ்மீரின் மேயோ கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஹெயிலிபெரியிலும் கல்வி பயின்றார். தந்தையார் 1922இல் மறைந்தபோது பட்டம் மூத்தவரைச் சேர்ந்தது. இளையவர் காசியிலிருந்த குடும்பச் சொத்துக்களுக்குப் பெயர்ந்தார். அவரது வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இச்செய்தியினும் முக்கியமானது வேறில்லை எனலாம். செல்வம் இருந்தது; சிங்காதனம் இல்லை. ‘மகாராஜா’ என்ற சொல்லுக்குப் பின் ‘குமாரர்’ என்ற ஒட்டு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் போன்ற உண்மையான சுதேச மன்னர்கள் கிரிக்கெற்றிலே கொண்டிருந்த செல்வாக்கினை அவர் பணத்தினாலேயே எட்ட முனைந்தார்.

1926இல் காசியில் தம் மாளிகை வளவிலே ஆடுகளம் அமைத்து ஓர் அணியை உருவாக்கினார். பள்ளி மாணவராயிருந்த முஸ்தாக் அலியின் திறமையை இனங்கண்டு காசிக்கு அழைத்துப் பயிற்சிக்கு வழிசெய்தவர் அவரே. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் இந்தியாவின் மிகக் கவர்ச்சியான துடுப்பாட்ட வீரர்களுள் ஒருவனாக விளங்கினான் என்பதை எண்ணும்போது, இந்த ஒன்றிற்காகவேனும் விஸ்ஸிக்கு வரலாற்றில் ஓரிடம் உண்டு.

1930-31இல் எம்.சி.சி. அணி மேற்கொள்ளவிருந்த இந்தியப் பயணம் காந்தியடிகளின் சட்டமறுப்பு இயக்கத்தினாற் கைவிடப்பட்டது. தேசிய எழுச்சி விட்டுச்சென்ற அவ்வெற்றிடத்தை ஒரு ஜமீன் வாரிசு தம் பணப்பையினால் நிரப்பியமை அக்கால முரண்களுள் ஒன்று. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர்களான ஜக் ஹொப்ஸ், ஹேபேட் சற்கிளிவ் ஆகிய இருவரையும் வரவழைத்துத் தம் அணியிற் சேர்த்து, சி. கே. நாயுடு முதலாய இந்திய வீரர்களுடன் இந்தியாவெங்கும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் நடத்தினார். ஹொப்ஸுக்கு அப்போது 48 வயது. அப்பயணத்தில் அவர் பெற்ற இரு சதங்களை முதல்தரப் போட்டிகளுக்கு உரியனவாகக் கொள்வதா, விடுவதா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அவரது மொத்தச் சதங்களைச் சிலர் 197 என்றும் சிலர் 199 என்றும் கணக்கிடுவதற்கு விஸ்ஸியின் விருந்தோம்பலே காரணம். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கொன்ஸ்ரன்ரைனையும் அவர் அழைத்துத் தம் அணியில் ஆடச்செய்தார். டில்லி மைதானத்திற்கு ஒரு பார்வையாளர் மண்டபம் வழங்கி, அதற்கு அரசப் பிரதிநிதி வெலிங்டனின் பெயரைச் சூட்டினார். கொடையும் முகமனும் அவரிடத்துப் பிரிக்கவொண்ணாதவாறு கலந்திருந்தன.

1932இல் இந்தியாவின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் லோர்ட்ஸில் நடைபெற்றபோது நிகழ்ந்ததை இவ்விடத்து நினைத்தல் தகும். அப்பயணத்துக்குத் தலைவராகச் சென்றவர் போர்பந்தர் மகாராஜா. தமது ஆட்டத்திறனின் எல்லையை அவர் நன்கறிந்திருந்தார். ஆதலின் அந்த ஆட்டத்தில் தாம் ஒதுங்கி நின்று, சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்தார். சம்மாட்டி மண்டாடிக்கு வழிவிட்டார்.

நான்காண்டுகளின் பின்னர் அவ்வாறு நிகழவில்லை. 1936ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்திற்கு விஸ்ஸி தலைவராகத் தெரிவானார். முப்பத்தாறு பயணப் பொதிகளும் இரு பணியாளரும் அவருடன் சென்றனர். மூன்று ரெஸ்ற்களிலும் அவர் தாமே தலைமை தாங்கி, கடைநிலையில் ஆடி, மொத்தமாகப் பெற்ற ஓட்டங்கள் 33. எதிரணித் தலைவர் ஒருவருக்குத் தங்கக் கடிகாரம் அளித்து, எளிய பந்துகளைப் பெற்றுக்கொண்டார் என்றொரு கதையும் உண்டு. கதை எப்படியாயினும், அணிக்குள் நடந்தவை கதைகளல்ல. அப்பயணத்தில் ஏறக்குறைய 600 ஓட்டங்களையும் 32 விக்கெற்றுகளையும் பெற்று முன்னணியில் நின்ற லாலா அமர்நாத், முதல் ரெஸ்ற்றுக்கு முன்னரே ஒழுக்கக் கட்டுப்பாட்டை மீறினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இந்தியாவின் முதலாவது ரெஸ்ற் சதத்தை 1933இல் அடித்தவர் அவர். துடுப்பாட்டக் காப்புக்களை அணிந்து நெடுநேரம் காத்திருந்தவரைப் பின்தள்ளிப் பிறரை முன்னனுப்பியதே அவரது சினத்துக்குக் காரணம். அவர் மீண்டும் ரெஸ்ற் ஆடியது 1946இல். இடையிலே போரும் வந்தது என்பது உண்மையே. ஆயினும் 24 வயது இளைஞன் ஒருவன் ஒரு செல்வரின் மனக்கசப்புக்குச் செலுத்திய விலை சிறிதன்று. ஓவல் ரெஸ்ற்றில் பாக்கா ஜிலானி இடம்பெற்றது, காலையுணவு மேசையில் நாயுடுவை அவமதித்ததற்குக் கிடைத்த பரிசென்றே பேசப்பட்டது. மஞ்செஸ்ரரில் மேர்ச்சன்ற், முஸ்தாக் அலி இருவரும் முதல் விக்கெற்றுக்கு 203 ஓட்டங்களைச் சேர்த்தனர். அவ்விணைப்பைக் குலைக்கும்படி மேர்ச்சன்றை ‘ரன் அவுட்’ ஆக்கத் தலைவரே தூண்டினார் என்பதும் அக்காலப் பேச்சு. இந்தியா 2-0 எனத் தோற்றது. பயணம் முடியுமுன்னரே விஸ்ஸிக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது.

பம்பாய்ப் பிரதம நீதியரசர் போமொன்ற் தலைமையிலான விசாரணைக்குழு 1937இல் அமர்நாத்தின் மீதிருந்த களங்கத்தை நீக்கியது. களத்தடுப்பு ஒழுங்கையும் பந்துவீச்சு மாற்றங்களையும் தலைவர் அறிந்திருக்கவில்லை என்று அது கண்டது. எனினும் பழி முழுவதையும் ஒருவர் தலையிற் சுமத்தல் பொருந்தாது. நாயுடு அணியினின்று விலகி நின்றமையையும் அதே குழு சுட்டியது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பணம் கொடுப்பவரே தலைமை ஏற்பார் என்ற முறைமையை ஏற்றுக்கொண்டு அவரைத் தெரிந்தவர்கள் கட்டுப்பாட்டுச் சபையினரே. ஆட்டத்தின் செலவைப் பொதுமக்களோ நிறுவனங்களோ ஏற்காத சமுதாயத்தில், கொடையாளியின் பலவீனம் அணியின் விதியாகிவிடுகிறது.

வழக்கமாக அவரை நினைவுகூர்வோர் இவ்விடத்திலேயே நிறுத்தி நகைத்துவிடுவர். ஆனால் பின்னர் அவர் வாழ்ந்த ஏறத்தாழ முப்பதாண்டுகளும் நோக்கத்தக்கவை. 1947இல் சேர் பட்டத்தைத் துறந்தார். 1952இல் சபையின் உபதலைவராயிருந்தபோது, அமர்நாத் மீண்டும் இந்திய அணியின் தலைவராவதற்குத் துணைநின்றார். 1954 முதல் 1957 வரை சபைத் தலைவராகப் பணியாற்றினார். 1936இன் காயங்கள் அவருள்ளும் ஆறாதிருந்தனவோ என எண்ணத் தோன்றும் வகையில், ஓய்வுபெற்றிருந்த சி. கே. நாயுடுவை அழைத்து உத்தரப்பிரதேச அணியின் தலைமையை அளித்தார். 1956-57 ரஞ்சிப் பருவத்தில் 61 வயதான நாயுடு ராஜஸ்தானுக்கு எதிராக 84 ஓட்டங்களைப் பெற்றார்.

வானொலி வர்ணனையாளராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியபின், 1965 டிசெம்பர் 2இல் காசியில் விஸ்ஸி காலமானார். அவருக்குப் பிற்பாடு அவர் பெயரால் நிறுவப்பட்ட கிண்ணம் அரசர்களுக்கோ செல்வர்களுக்கோ உரியதன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களின் வலய அணிகள் அதற்காகப் போட்டியிட்டன.