நாற்று முடியில் நனைந்த உயிர்

குத்தம்பாக்கம் என்றால் இன்று எல்லாரும் புதிய பேருந்து நிலையத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். 1990களில் ஒரு நவரைப் பட்டத்துக்கு அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரப் பொட்டலம் வாங்கி வந்தேன். 200 கிராம் கறுப்புப் பொடி. நைனா பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "மண்ணைக் காசு குடுத்து வாங்கினியாடா?" என்றார்.

அவர் இளவட்டமாக இருந்தபோது தழைச்சத்து தழையிலிருந்துதான் வந்தது. கொழுஞ்சி, பூவரசு, எருக்கு என்று கட்டுக்கட்டாக வெட்டிவந்து சேடையில் போட்டு மிதிப்பார்கள். தக்கைப்பூண்டை வயலிலேயே விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவார்கள். 1971இல் மணலி உரத் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. விஜய் யூரியா மூட்டை வந்தது. நாலு நாளில் பயிர் கருகருவென்று ஆனதும் தழை மிதிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் ஒரே தலைமுறையில் நின்றுபோனது.

பொட்டலத்துக்குள் இருந்த நுண்ணுயிரை 1925இலேயே ஹாலந்துக்காரர் பெய்ஜெரிங்க் விவரித்துவிட்டார். பிறகு அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. பிரேசிலில் ஜோஹானா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி புல்வேர்களைத் தோண்டித் தோண்டி அதை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அசோஸ்பைரில்லம் என்ற பெயர் 1978இல் வந்தது. தக்கைப்பூண்டு வேரில் இருப்பதுபோல இதற்கு முடிச்சு கிடையாது. நெல் வேரை ஒட்டியே குடியிருந்து, வேர் கசியவிடுவதைத் தின்று, காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. வேர்த்தூவிகளைப் பெருகச் செய்யும் ஊக்கியையும் சுரக்கிறது. என் அனுபவத்தில் அந்த வேர்தான் பெரிய லாபம்.

முதல் பட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் வாங்கிய கடையில் தகரக் கூரைக்குக் கீழே, யூரியா மூட்டைமேல் அடுக்கி வைத்திருந்தார்கள். வெந்து செத்ததைத்தான் வயலில் போட்டிருக்கிறேன். ஊரில் பலர் "பொடி வேலைக்காவாது" என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். உயிருள்ள ஒன்றை உரமூட்டை மாதிரி விற்றதுதான் தப்பு. அடுத்த சொர்ணவாரிக்குப் புதுப் பொட்டலமாகப் பார்த்து வாங்கி, தண்ணீரில் கரைத்து, நாற்று முடிகளை இருபது நிமிடம் வேர் நனைய வைத்து நட்டோம். யூரியாவில் கால்பங்கு குறைத்தேன், நெல் குறையவில்லை. நைனா ஒரு குத்தைப் பிடுங்கி, வேரை அலசி, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

இன்னும் நடவு இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். நிழலில் வையுங்கள். ஏக்கருக்கு நாலு பொட்டலத்தைத் தொழுவுரத்தோடு கலந்து தூவுங்கள். யூரியாவோடு மட்டும் கலக்காதீர்கள்.