காகிதம், கண்ணாடி, தகரம்: புனே பெண்கள் எழுதவைத்த குப்பைச் சட்டம்

மறுசுழற்சி என்றதும் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, பள்ளிக்கூடச் சுவரில் வரைந்த மூன்று அம்புகள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் நீதிமன்ற வழக்குகளிலிருந்தும் அரசாணைகளிலிருந்தும் தொடங்குவது வழக்கம். நான் புனே நகரத் தெருக்களிலிருந்து தொடங்க விரும்புகிறேன். இந்தியாவின் குப்பைச் சட்டத்தில் இன்று இருக்கும் சில வரிகள், அங்கே முதுகில் சாக்கு சுமந்த பெண்கள் இருபது வருடங்களுக்கு மேல் போராடி எழுதவைத்தவை.

1972இல் மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. நிலமில்லாத குடும்பங்கள் பல ஊரைவிட்டு நகரங்களுக்கு வந்தன. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். வந்த பெண்களில் பலருக்குக் கிடைத்தது குப்பை பொறுக்கும் வேலை. அதற்கு முதலீடு வேண்டாம், படிப்பு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். விடியும் முன் கிளம்பி, தெருத்தொட்டிகளில் வெறுங்கையால் கிளறி, காகிதத்தையும் கண்ணாடியையும் தகரத்தையும் பிரித்து, காயலான் கடையில் எடைக்குப் போடுவார்கள். கடைக்காரரிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து ஆலைக்கும் சரக்கு போகும். கையில் கிருமியும் கண்ணாடிக் கீறலும் வாங்கியவருக்கே இந்தச் சங்கிலியில் மிகக் குறைந்த காசு. போதாததற்குத் தெருவில் ஏதாவது திருட்டுப் போனால் போலீஸ் முதலில் பிடிப்பதும் அவரைத்தான்.

1990 வாக்கில், எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் புனே வளாகத்திலிருந்து வயதுவந்தோர் கல்வித் திட்டத்துக்காகச் சிலர் இந்தக் குடும்பங்களிடம் போனார்கள். பூர்ணிமா சிக்கர்மனே, லட்சுமி நாராயண் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். பாடம் சொல்லித்தரப் போனவர்கள் பெண்களோடு சேர்ந்து குப்பைத்தொட்டிகளுக்கும் போனார்கள். அங்கே ஒரு விஷயம் புரிந்தது: வீடுகளிலேயே குப்பையைப் பிரித்து இந்தப் பெண்கள் கையில் கொடுத்தால் வேலை நேரம் குறையும், சரக்கு சுத்தமாக இருக்கும், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். இன்று எல்லா மாநகராட்சிகளும் சொல்லும் ‘தரம் பிரித்துக் கொடுங்கள்’ என்பதுதான் இது. புனேயில் அது தூய்மைப் பிரச்சாரமாகப் பிறக்கவில்லை. ஒரு பெண்ணின் கூலியையும் முதுகுவலியையும் கணக்குப் பார்த்ததில் பிறந்தது.

பல்கலைக்கழகம் கொடுத்த அடையாள அட்டையோடு சில பெண்கள் வீடுகளுக்குப் போய்ப் பிரித்த குப்பையை வாங்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அதே பகுதியில் தனியார் ஒருவர் வண்டி வைத்து வீடுவீடாகக் குப்பை எடுக்க ஆரம்பித்தார். பெண்கள் வண்டியைச் சூழ்ந்து நின்று மறித்தார்கள். குப்பையில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் வண்டியும் ஒப்பந்தமும் வரும், பொறுக்கியவள் வெளியே போவாள் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

1993 மே மாதம் எண்ணூறுக்கும் மேற்பட்ட குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் மாநாடாகக் கூடினார்கள். சுமைதூக்கும் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய பாபா ஆதவ் துணை நின்றார். அங்கே பிறந்தது ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். ‘குப்பை’ என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை. நீங்கள் வீசியதைக் குப்பை என்கிறீர்கள், எங்களுக்கு அது சரக்கு என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தலித் பெண்கள்.

தொண்டு நிறுவனம் வைக்காமல் தொழிற்சங்கம் வைத்தது பெரிய முடிவு. சங்கம் என்றால் எதிரே முதலாளி யார் என்ற கேள்வி வரும். இவர்களுக்கு முதலாளி கிடையாது, சம்பளமும் கிடையாது. நகரக் குப்பையை அகற்றுவது மாநகராட்சியின் சட்டக் கடமை, அதில் ஒரு பகுதியை நாங்கள் செய்கிறோம், ஆகவே மாநகராட்சிதான் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். 1990களின் நடுவில் சங்கத்தின் அடையாள அட்டையை மாநகராட்சி அங்கீகரித்தது. திருடி என்று பிடித்தால் எடுத்து நீட்ட ஒரு காகிதம் கிடைத்தது.

அடுத்துக் கணக்கு. 2001இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக ஒரு ஆய்வு நடந்தது. புனேயில் ஒரு நாளைக்கு 144 டன் பொருட்களை இவர்கள் மறுசுழற்சிக்குப் பிரித்தெடுக்கிறார்கள், ஒவ்வொருவரும் மாதம் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை மாநகராட்சிக்கு இலவசமாகத் தருகிறார்கள் என்றது அது. வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்ட பெண்ணியர்கள் செய்ததும் இதே காரியம்தான். கணக்கில் வராத உழைப்பை எண்ணாக எழுதிக் காட்டினால்தான் அரசு திரும்பிப் பார்க்கிறது. சிறிது காலத்திலேயே பதிவுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கான தொகையைப் புனே மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. தானமாக அல்ல, மிச்சமான செலவில் ஒரு பங்காக அதைப் பெண்கள் வாங்கினார்கள்.

இதே காலத்தில் இன்னொரு பெண் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தார். பொறியாளரான அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். அதன் விளைவாக 2000ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடுவீடாகச் சேகரிக்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் முதன்முறையாகச் சொன்ன விதிகள் அவை. அந்த வெற்றியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதிகளில் குப்பை பொறுக்குபவர் இல்லை. விதியை நிறைவேற்ற நகரங்கள் ஒப்பந்ததாரரைத் தேடின. சூழலைக் காக்கும் சட்டமே ஏழைப் பெண்ணின் பிழைப்பைப் பறிக்கக்கூடும் என்ற நிலை வந்தது.

புனே சங்கம் அதற்கு மாற்றாக 2008இல் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவை அமைத்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. உறுப்பினர்களே வீடுவீடாகச் சேகரிப்பார்கள், வீட்டார் கட்டணத்தை அவர்களிடமே தருவார்கள், மறுசுழற்சிப் பொருளை விற்ற காசும் அவர்களுக்கே. தொட்டியைக் கிளறிய பெண் வாசலில் நின்று சேவைக்குக் கட்டணம் கேட்பவரானார்.

வாசலுக்கு வந்ததும் இன்னொன்று கையில் தட்டுப்பட்டது. கறுப்புப் பையில் கட்டிய, அல்லது கட்டாமலே போட்ட சானிட்டரி நாப்கின்கள். மாதவிடாயைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், அந்தப் பையை யார் பிரிக்கிறார்கள் என்று அதிகம் எழுதியதில்லை. 2013இல் ஸ்வச் பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டைகட்டித் தயாரிப்பாளர்களுக்கே அனுப்பிவைத்தார்கள். லாபம் உங்களுக்கு, அழுக்கு எங்களுக்கா என்பதுதான் கேள்வி.

2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இரண்டுக்கும் பதில் இருந்தது. கழிவு சேகரிப்போர் யார் என்று வரையறை இருந்தது. அவர்களின் அமைப்புகளை அங்கீகரித்துச் சேகரிப்பில் சேர்த்துக்கொள்ள உள்ளாட்சிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றன அவை. நாப்கின் தயாரிப்பாளர்கள் அதைச் சுற்றிப்போட உறை தர வேண்டும் என்றன. நாட்டின் பல அமைப்புகள் உழைத்ததன் பலன் இது. புனேயின் பங்கு அதில் பெரியது.

விதி எழுதியதும் கதை முடியவில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் ஸ்வச் நீடிக்குமா, பெரிய நிறுவனத்தின் லாரி வருமா என்ற பதற்றம் திரும்புகிறது. பல நகரங்களில் அந்த விதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் ‘கழிவு உருவாக்குபவர்’ என்று ஆண்பால் பெண்பால் இல்லாமல் சொல்கிறது. பெரும்பாலான வீடுகளில் ஈரக்குப்பை, உலர்குப்பை பிரிக்கும் வேலை ஏற்கெனவே பத்து வேலை பார்க்கும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. உள்ளே ஒரு பெண் கூலியில்லாமல் பிரிக்கிறாள். வெளியே ஒரு பெண் அரைக்கூலிக்குப் பிரிக்கிறாள். இருவரும் ஒரே வேலையின் இரண்டு முனைகளில் இருந்தாலும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நடுவில் சாதி நிற்கிறது. தண்ணீர் கேட்டால் தனி டம்ளர் எடுக்கும் வீட்டில் எத்தனை நிறத்தில் தொட்டி வைத்தாலும் அது சூழலியல் ஆகாது.

ஆகவே உங்கள் ஊரில் குப்பைக்குப் புதிய ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் எத்தனை லாரி, எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாதீர்கள். இதுவரை அந்த வேலையைச் செய்த பெண்கள் ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்துத் தனியாகக் கொடுங்கள். புனே பெண்கள் நம்மிடம் கேட்டது அவ்வளவுதான். வீட்டில் அதைச் சுற்றும் வேலையை ஆண்களும் பழகிக்கொள்ளலாம்.