விட்ட மூச்சைத் திரும்ப இழுத்த கதை

பத்தமடை என்றால் பாய். ஆனால் அந்த ஊர் உலகத்துக்கு அனுப்பிய இன்னொரு சரக்கும் உண்டு: மூச்சு. 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, மலேயாவில் டாக்டராகப் பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு, ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தர் ஆனார். பிராணாயாமத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1950களின் கடைசியில் அந்தப் பாடத்தை மான்ட்ரியலில் கடை விரித்தார். மூச்சை அடக்கும் வித்தை தாமிரபரணிக் கரையிலிருந்து மேற்கே போன வழி நேரானது. விட்ட மூச்சையே மறுபடி இழுக்கவைக்கும் ரீபிரீதர் என்ற பெட்டி வளர்ந்து வந்த வழியோ ஏகப்பட்ட கோணல்.

ஆழ்கடல் படங்களில் அதைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு பெட்டி, வாயின் இரு பக்கமும் தடித்த குழாய்கள், தலைக்கு மேலே குமிழியே இராது. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; வெளியே விடுவதில் இன்னும் 16 சதவீதம் மிச்சம். சாதாரண சிலிண்டர்க்காரர் அந்த மிச்சத்தையும் குமிழியாக்கிக் கடலுக்குத் தானம் செய்கிறார். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு, ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். உடம்புக்குத் தேவையான ஆக்சிஜனோ ஒரு துளிகூடக் கூடுவதில்லை. இந்த ஊதாரித்தனத்தை நிறுத்த வந்த கஞ்சன்தான் ரீபிரீதர்.

தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் கஞ்சத்தனத்துக்கே இடமிருந்ததில்லை. இருந்தது ஒரே மூச்சு. கொற்கையில் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கப் பயணக் குறிப்பான பெரிப்ளஸ் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவுக்குச் சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்கள் பெரிய வியப்பு. அவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு. நம் ஊர்க்காரர்கள் கடல்கட்டி என்ற அந்த ஆளுக்குக் கொடுத்ததைப் பாதுகாப்புச் செலவு என்ற கணக்கில் எழுதினால், இன்றைய டைவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களும் தம் பணத்தில் பெரும்பகுதியை அதற்கே கொட்டுகிறார்கள். காலில் கல்லைக் கட்டி 10 முதல் 20 மீட்டர் வரை இறங்கி, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் மேலே இழுக்கப்பட்ட அந்தக் குளியாளிகளைத் தவிக்கவைத்தது ஆக்சிஜன் குறைவு என்று நினைப்போம். தவிப்பைத் தந்தது உள்ளே சேரும் கரியமிலவாயு. ஆக்சிஜன் தீர்வதை உடம்பு சரியாக அறிவிப்பதே இல்லை.

விட்ட மூச்சையே மறுபடி இழுக்க வேண்டுமானால் முதலில் அந்தக் கரியமிலவாயுவைப் பிடித்து அகற்ற வேண்டும். அதைப் பிடிக்கும் பொருள் இந்தக் கரையில் எப்போதும் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது: வெற்றிலைச் செல்லத்தில். கிளிஞ்சலைக் காளவாசலில் போட்டுச் சுடும்போது அதிலிருந்து வெளியேறும் வாயுதான் கரியமிலவாயு. நீற்றிய சுண்ணாம்பில் நம் மூச்சு பட்டால் அதே வாயுவைத் திரும்ப உறிஞ்சி, மறுபடி கிளிஞ்சலின் பொருளாகவே அது ஆகிவிடுகிறது. 1750களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதிப் பார்த்து, அது பாலாய்க் கலங்குவதைக் காட்டினார். ரீபிரீதரின் இதயம் அங்கே பிறந்துவிட்டது. பெட்டி மட்டும் இல்லை.

பெட்டி செய்தவர்களின் வரிசை விசித்திரமானது. உயிர்களெல்லாம் செல்களால் ஆனவை என்று சொன்ன தியோடர் ஷ்வான், 1850களில் சுரங்க மீட்புக்காக ஒன்று வடிவமைத்தார். 1878இல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற இங்கிலாந்துக் கப்பல்காரர், காரப் பொட்டாஷில் ஊறிய கயிற்று நாரை ஒரு பையில் அடைத்து, செம்புத் தொட்டியில் ஆக்சிஜனை நிரப்பித் தண்ணீருக்குள் போனார். அதே 1878இல் பாரிஸில் பால் பெர்ட் தடித்த புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அழுத்தத்தில் ஆக்சிஜன் விஷம், வலிப்பை உண்டாக்கும் என்பது அதன் ஒரு முடிவு. மருந்தும் அதன் நஞ்சும் ஒரே ஆண்டில் வந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

1880இல் செவர்ன் நதிக்கடியில் தோண்டிய ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற டைவர் ஃப்ளூஸின் பையை மாட்டிக்கொண்டு, கும்மிருட்டில் சுமார் 300 மீட்டர் நடந்து இரும்புக் கதவை அடைத்தார். பக்கத்திலிருந்த வால்வையும் திருகினார். ஆனாலும் தண்ணீர் வடியத் தாமதமாயிற்று. அந்த வால்வின் மரை எதிர்ப்பக்கம் போனது. ஏற்கெனவே மூடியிருந்ததை அவர் திறந்துவிட்டு வந்திருந்தார்! பெர்ட் எச்சரித்த ஆபத்து, இன்றைய கணக்குப்படி, சுத்த ஆக்சிஜனில் 6 மீட்டர் தாண்டினாலே தொடங்குகிறது. அப்படிப் பார்த்தால் ஃப்ளூஸின் பை தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தோலாயிரம் பார் என்ற முத்துப்படுகைக்கு லாயக்கற்றது. அங்கே வெறும் மூச்சோடு இறங்கியவர்தான் பத்திரமானவர்.

பிறகு நகல் எடுப்பவர்களின் காலம். ராபர்ட் டேவிஸ் 1910இல் ஃப்ளூஸின் பையை நீர்மூழ்கியிலிருந்து தப்பிக்கும் கருவியாக்கினார். 1930களில் இத்தாலியர்கள் அதை எடுத்து மீன் வேட்டைக்கு மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து இத்தாலியக் கடற்படை கற்றது. 1941 டிசம்பரில் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் ஆறே பேர் குமிழி விடாமல் புகுந்து, இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை உட்காரவைத்தார்கள். ஜிப்ரால்டரில் இறந்த இத்தாலியர்களின் கருவிகளை எடுத்துப் பிரிட்டிஷ் டைவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பிறந்த பொருள் இத்தாலி வழியாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டோடு ஒரு முடிச்சு விழுகிறது. 1939 ஜூனில் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கி லிவர்பூலுக்கு அருகே மூழ்கி 99 பேர் மாண்டார்கள். டேவிஸின் கருவியோடு தப்பியவர்கள் நால்வர். ஏன் இவ்வளவு பேர் செத்தார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். தன்னையே எலியாக்கி அழுத்தக் கலத்துக்குள் உட்கார்ந்து கரியமிலவாயுவையும் ஆக்சிஜனையும் இழுத்து, வலிப்பில் முதுகெலும்பை நொறுக்கிக்கொண்டார். அவருடைய அப்பா ஜே.எஸ். ஹால்டேன் 1908இல் ஆடுகளை வைத்து, ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்ற அட்டவணையைத் தந்தவர். மகன் 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் இறந்தார். உடலைக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். இன்றைய ரீபிரீதர் கையேடுகளில் உள்ள ஆக்சிஜன் வரம்புகளுக்குப் பின்னால் அந்த முதுகெலும்பும் இருக்கிறது.

எல்லாரும் பொறுமையாக இருக்கவில்லை. ஜாக் கூஸ்தோ ஆக்சிஜன் பையோடு சுமார் 14 மீட்டரில் இருமுறை வலிப்பு கண்டு, அதைக் கைகழுவினார். 1943இல் எமில் கான்யானோடு சேர்ந்து அக்வாலங்கைச் செய்தார். பெட்ரோல் பஞ்சத்தில் காருக்குக் கரிவாயுவை அளந்து விடச் செய்த வால்வுதான் அதன் உயிர்நாடி. அந்த அக்வாலங் தூத்துக்குடிக்கும் வந்து, மீன்வள விஞ்ஞானிகள் முத்துப்பார்களை எண்ண உதவிற்று. 1961க்குப் பிறகு எண்ண முத்துதான் போதவில்லை. சங்குகுளி ஆட்கள் இன்று படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாயை வாயில் கவ்வி இறங்குகிறார்கள். ஹால்டேன் அட்டவணையைக் காட்ட ஆளில்லாமல் மூட்டுகளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அக்வாலங் வந்தபின் ரீபிரீதர் பெரும்பாலும் கடலைவிட்டுக் கரையேறி ஒளிந்துகொண்டது. கரையில் அதற்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. முதல் உலகப் போரின் வாயு முகமூடிகளுக்காகப் பக்குவமான சோடா லைம் என்ற சுண்ணாம்புக் குருணையை, 1920களில் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் வாட்டர்ஸ் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ முழு மயக்கம் கொடுத்து உங்களை அறுத்திருந்தால், பெரும்பாலும் நீங்களும் ரீபிரீதரில் மூச்சுவிட்டவர்தான். மயக்க மருந்து மிஷினின் பக்கத்தில் வெள்ளைக் குருணை நிறைந்த டப்பா ஒன்று இருக்கும். தீரத் தீர ஊதா நிறமாகும். 1970இல் அப்போலோ 13 விண்கலத்தில் மூவரைக் கொல்லப் பார்த்ததும் கரியமிலவாயுதான். அதை உறிஞ்சும் டப்பா சதுரம், அதைச் செருக வேண்டிய ஓட்டை வட்டம். அட்டையும் ஒட்டுநாடாவும் வைத்துப் பொருத்தினார்கள்.

கடலுக்கு அது திரும்பிவந்தது எலக்ட்ரானிக்ஸ் புண்ணியத்தில். 1960களின் கடைசியில் வால்டர் ஸ்டார்க் எலக்ட்ரோலங்கை விற்றார். ஆக்சிஜனை சென்சார் அளக்க, வால்வு தானே திறந்தது. சாவுகள் நேர்ந்தன, விற்பனை நின்றது. 1987இல் ஃபுளோரிடாவின் வக்குல்லா ஊற்றில் பில் ஸ்டோன் 24 மணி நேரம் ரீபிரீதரோடு தண்ணீருக்குள் இருந்து காட்டினார். 1997இல் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து இன்ஸ்பிரேஷன் என்ற மாடல் வந்து, கடையில் வாங்கக்கூடிய பொருளாயிற்று.

வாங்கப் போகிறவர் விளம்பரத்தைவிட விபத்துகளைப் படிப்பது நல்லது. மூன்று சென்சார்களில் எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதைக் கம்ப்யூட்டர் நம்பும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு கிழடு தட்டி ஒன்றாகப் பொய் சொன்னால், நல்லது தோற்றுப்போகும். ஆகவே மூன்றையும் ஒரே காலத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். மின்னணு வால்வை நம்பாதவர்கள், சிறு துளை வழியே ஆக்சிஜனைச் சீராகக் கசியவிட்டு மீதியைக் கையால் சேர்க்கும் மாடல்களை விரும்புகிறார்கள். திரையைப் பார்க்கும் பழக்கத்தை அது விடாமல் காப்பதால் என் ஓட்டும் அதற்கே. விட்ட மூச்சு போய்த் தங்கும் காற்றுப்பை முதுகிலா, மார்பிலா என்பதில் மூச்சு வாங்கும் சிரமம் மாறும். எது வாங்கினாலும் தனி சிலிண்டர் ஒன்று பக்கத்தில் தொங்க வேண்டும். பெட்டி கைவிட்டால் ஏறி வர அதுவே வழி.

அப்புறம் சுண்ணாம்பு. காளவாசல் தூளை அள்ளிப்போட முடியாது. நுரையீரலுக்கும் தொண்டைக்கும் அது போய்விடும். தண்ணீர் புகுந்தால் காரக் குழம்பாகி வாயைப் பொசுக்கும். சீரான குருணையில், சரியான ஈரத்தில், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த சோடா லைம்தான் வேண்டும். தென்தமிழ்நாட்டில் அதைத் தேடுகிறவர் டைவிங் கடையைவிட ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்துப் பொருள் தருகிறவரைக் கேட்பது எளிது. ஆனால் வாங்கிய மாடலின் தயாரிப்பாளர் எந்தக் குருணைக்குச் சான்று தந்திருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.