அசெரோயே

துர்நாற்றக் காளான்களின் குடும்பமாகிய பல்லேசீயில், உருவத்தால் மலரையும் நாற்றத்தால் அழுகிய மாமிசத்தையும் ஒத்து, காண்போரை ஒரே சமயத்தில் ஈர்த்தும் விலக்கியும் நிற்கும் விசித்திரமான பேரினம் அசெரோயே. இதன் இனங்கள் மிகச் சில. அவற்றுள் பிரசித்தமானது செந்நிறமுடைய அசெரோயே ரூப்ரா.

காணாமற்போன லா பெரூஸ் என்னும் பிரெஞ்சு மாலுமியைத் தேடித் தாந்த்ரகஸ்தோவின் தலைமையில் புறப்பட்ட கப்பல்களில் உடன் சென்ற லாபில்லார்தியேர் என்னும் தாவர சாஸ்திரியார், 1792-இல் தாஸ்மேனியாவின் தென்கோடியில் இக்காளானைக் கண்டெடுத்து, 1800-இல் தம் பிரயாண நூலில் வர்ணித்தார். ஆஸ்திரேலியாவுக்கு உரிய காளான்களுள் சாஸ்திர முறைப்படி முதன்முதலில் விவரிக்கப்பட்டது இதுவே. தேடிப்போன மாலுமி அகப்படவில்லை, காளான் அகப்பட்டது.

மட்கிய இலைகளையும் மரச் செத்தைகளையும் உண்டு வாழும் இக்காளான், முதலில் சுமார் 3 செ.மீ. குறுக்களவுள்ள வெண்ணிற முட்டையாக மண்ணில் பாதி புதைந்து காணப்படும். வழவழப்பான கூழ் நிறைந்த அம்முட்டை வெடித்ததும், அடியில் வெளுத்தும் மேலே சிவந்தும் உள்ளே பொள்ளலாகவும் உள்ள தண்டு 10 செ.மீ. வரை எழுந்து, அதன் உச்சியில் ஆறு முதல் பத்து வரையான கைகள், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து, கடற்சாமந்தி என்னும் பிராணியைப் போல விரியும். கைகளின் நடுவே உள்ள வட்டத்தில் பழுப்பு நிறக் குழம்பொன்று பூசினாற்போல் படிந்திருக்கும். காளானின் வித்துக்கள் யாவும் அக்குழம்பிலேயே உள்ளன, நாற்றமும் அதனுடையதே.

காளான்களிற் பெரும்பாலானவை தம் வித்துக்களைக் காற்றினிடம் ஒப்புவிக்க, இதுவோ ஈக்களை நம்பி வாழ்வது. பிணமென்று மயங்கி வந்து மொய்க்கும் ஈக்கள், குழம்பை உண்டு, காலிலும் குடலிலும் வித்துக்களைச் சுமந்து சென்று பரப்புகின்றன. இதன் உறவினமான கிளாத்ரஸ் ஆர்ச்செரியின் நாற்றத்தை ஆராய்ந்தபோது, பிணவாடை வீசும் மலர்களில் உள்ள கந்தகச் சேர்மங்களே அதிலும் இருக்கக் கண்டனர். பூக்கும் தாவரங்களோடு நெருங்கிய உறவு ஏதுமில்லாத ஓர் உயிர், அதே தந்திரத்தைத் தனிவழியில் எய்தியிருப்பது நாம் அருவருத்து ஒதுங்குவதற்கன்று, நின்று ஆராய்வதற்கே உரியது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகள் ஆகியவற்றிலும் இலங்கையிலும் காணப்படும் இது, மனிதன் கொண்டுசெல்லும் மண்ணோடும் செடிகளோடும் தொலைதூரம் செல்லவல்லது. இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் 1829-இலேயே தோன்றிய இக்காளான், 1993 முதல் சரே மாவட்டத்து ஆக்ஸ்ஷாட் காட்டில் திறந்த வெளியிலும் வளர்ந்து வருகிறது.