ஆளணி ஒன்று, ஊர் இரண்டு

கர்ப்பிணியைப் பதிந்து வீடு தேடிப் போகும் மிட்வைஃப், நாட்டின் பெரும்பகுதியில் மாகாண சுகாதாரத்துறையின் ஊழியர். கொழும்பில் அவர் மாநகர சபையின் ஊழியர். களுத்துறையில் 1926இல் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்படுவதற்கு 24 வருடங்கள் முன்பே, 1902இல், டொக்டர் மார்ஷல் பிலிப் கொழும்பின் முதலாவது சுகாதார வைத்திய அதிகாரியாகப் பொறுப்பேற்றுவிட்டார். ஆகவே நகரத்துக்குள் வெள்ளவத்தைக்கு எத்தனை பேர், கொட்டாஞ்சேனைக்கு எத்தனை பேர் என்பது சபை பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

3,000 முதல் 5,000 வரையான சனத்தொகைக்கு ஒருவர் என்பது நாடெங்கும் பழகிப்போன கணக்கு. தலையை எண்ணும் இந்தக் கணக்கில்தான் எனக்குச் சந்தேகம்.

பிரசவத்தில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1879இல் திறந்த டி சொய்சா மகப்பேற்று மனையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இரு சாராருக்கும் சில மைல் தூரம்தான், கட்டணமும் கிடையாது. வித்தியாசம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் ஒரே முடுக்குக்குள் பத்துக் குடும்பம் இருக்கும், தண்ணீர்க் குழாய் ஒன்றுதான் இருக்கும். பதிவேட்டிலுள்ள விலாசத்துக்கு மிட்வைஃப் போனால் அந்தப் பெண் மாமியார் வீட்டில் இருப்பாள். அங்கே போனால் வேலைக்குப் போயிருப்பாள். மலையகத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவளோ பதிவேட்டிலேயே இல்லை. நிறை குறைந்த பிள்ளைக்குக் கொடுத்த திரிபோஷ சத்துமா பைக்கற்றை மூத்த பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். சாப்பிடாமல் என்ன செய்வார்கள்? அடுத்த மாதம் தராசில் நிறை ஏறவில்லை என்றதும் திட்டு வாங்குவது தாய்தான். இங்கே ஒரு குடும்பத்துக்கு மூன்று தடவை நடக்க வேண்டும். கணக்கிலோ அது ஒரு குடும்பம்தான்.

வெள்ளவத்தையில் பிரச்சினை வேறு மாதிரி. 1983க்குப் பின்னரும் போர்க்காலத்திலும் வடக்கிலிருந்து வந்தவர்களால் நிரம்பிய ஊர் அது. தனி வீடுகள் பல இன்று தொடர்மாடிகளாகிவிட்டன. காவலாளியின் கொப்பியில் பெயர் எழுதி, லிப்ட் ஏறிப் போனால், “நாங்கள் பிரைவேட்டில காட்டுறம், மிஸ்” என்று கதவைச் சாத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் பெண் பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போயிருப்பாள். காசிருக்கிறது, கவனிப்பு இருக்கும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். கணவன் வெளிநாட்டில், தாய் ஊரில், ஆறாம் மாடியில் பச்சைக் குழந்தையோடு தனியே அழுகிறவளைப் பற்றி யாருக்கும் தெரியாது. பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும் என்ற விதி இவளுக்கும் சேர்த்துத்தான்.

மொழி விடயத்தில் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தெருவிலேயே சிங்களம் படிந்துவிட்டது. சிங்கள மிட்வைஃபோடு சமாளித்துவிடுவார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து வெள்ளவத்தையில் குடியேறியவள்தான் திணறுவாள். தமிழ் பேசும் ஊழியரை ஏழைப் பகுதிக்கு மட்டும் ஒதுக்கினால் போதும் என்போர் இதை யோசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் சேவை, தேவைக்கேற்ற அளவில் என்று 2010இல் இங்கிலாந்தின் மார்மட் அறிக்கை சொன்னது இங்கும் பொருந்தும். கொட்டாஞ்சேனையில் ஒருவருக்குரிய பிரிவைச் சிறிதாக்க வேண்டும். அங்கே பிறப்பையும் நிறை குறைந்த பிள்ளைகளையும் எண்ணி ஆளணி போடலாம். வெள்ளவத்தைக்கு ஆள் கூட்டத் தேவையில்லை. தமிழ் தெரிந்தவரும், தொலைபேசியில் பேசி நேரம் குறித்துச் சனிக்கிழமையோ மாலையிலோ போகும் ஏற்பாடும் கிடைத்தால் போதும். வெள்ளவத்தைப் பதவியொன்றைப் பறித்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொடுப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. அரச சேவையில் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டதால் 2022 டிசம்பர் 31ஆம் திகதி நாடெங்கும் அனுபவசாலிகள் பலர் ஒரே நாளில் வெளியேறினார்கள். மிட்வைஃப் பயிற்சிக்கு ஒன்றரை வருடம் பிடிக்கும். இன்று ஒருத்தியைப் பயிற்சிக்கு எடுத்தாலும், அவள் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் தராசோடு இறங்கும்போது இன்று பதியும் கர்ப்பிணியின் பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும்.